ஊதா வராத தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

விடுதியில் எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். ஆய்வகத்தில் நான் உதவும் அக்கா, நோய்க்கிருமிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்க ஒரு மூலக்கூறு செய்திருக்கிறார். கிருமிகள் ரசாயனம் விட்டுத்தான் பேசுமாம்; பேசினால் அவை வளரும் கண்ணாடித் தட்டு ஊதாவாகும். மருந்து போட்ட தட்டு இன்று வெள்ளையாகவே இருந்தது.

"அடியே, அதுங்க வாயை அடைச்சுட்டோம்டி!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார்.

ஆனால் அந்தத் தட்டை நான் தவறுதலாகச் சூடு அதிகமான பெட்டியில் வைத்திருந்தேன். அந்தச் சூட்டில் மருந்து இல்லாவிட்டாலும் ஊதா வராது. அதை அப்போதே சொல்லாமல் நானும் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். நாளை அதைத்தான் எல்லோர் முன்னும் காட்டப்போகிறார். விடிந்ததும் சொல்லிவிடுவேன்.

இங்கே குளிர், கம்பளிச் சாக்ஸ் அனுப்பு. இல்லை, பொறு, இதைச் சொன்னால் இவர்கள் என்னையே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். அப்படியானால் பஸ் நிறுத்தத்துக்கு நீ மட்டும் வா அம்மா, அப்பா வேண்டாம்.

வார்டன் வருகிறார்.

உன் மகள்