ஆயாவின் மந்தணக் குறிப்பு

மார்ச் 24, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர் வயலில் உளுந்து பிடுங்குகிறார்கள்.

ஆபீஸ் கட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. ஒன்பது குமாஸ்தா, இரண்டு பியூன். எல்லோருக்கும் வருடாந்திர மந்தணக் குறிப்பு, மாதக் கடைசிக்குள். முன்பு கான்பிடென்ஷியல் ரிப்போர்ட். ஆட்சி மாறியபின் அதே வசவு தமிழில்.

பதினொன்றும் முடிந்தது. எல்லோருக்கும் "நேர்மை: ஐயமில்லை." இருவர்மேல் ஐயம் உண்டு. விரித்து எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஒரு படிவம் மிச்சம். தையல்நாயகிக்கு எழுதினேன். என் மனைவி கமலா போய்ச்சேர்ந்ததிலிருந்து, இரண்டு வருடமாக, மகள் வசுவைப் பார்த்துக்கொள்கிறவள்.

காலந்தவறாமை: மிக நன்று.
நேர்மை: நன்று, சர்க்கரை டப்பா நீங்கலாக.
மேலதிகாரியிடம் நடத்தை: அடக்கம். பேச்சே இல்லை.
பொதுமக்களிடம் நடத்தை: பொதுமக்களுக்கு வயது மூன்றரை. முழுத் திருப்தி.
குறைகள்: குழந்தையைத் தன்னோடே வைத்துக்கொள்கிறாள். நான் வீட்டுக்குள் வந்தால் குழந்தை அவள் முந்தானைக்குப் பின்னால் போய்விடுகிறது.

கடைசி வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

குறை எழுதினால் சம்பந்தப்பட்டவருக்கு நகல் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். விதி. இருபது வருட சர்வீஸில் ஒருமுறைகூட மீறியதில்லை.

காலையில் அவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது கொடுத்தேன்.

"என்னங்கய்யா இது?"

"உன் வேலையப் பத்தி. வருசா வருசம் எழுதறது."

"நான் என்னங்கய்யா பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் எழுதியிருக்கு. வாங்கிக்கிட்டேன்னு இங்க ரேகை வை."

ஆபீஸ் மைப்பெட்டி. இடது கட்டைவிரல். மையைத் துடைக்க வசு தன் பாவாடையை நீட்டினாள்.

படித்துக் காட்டவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

(பொய். பத்து நிமிடம் இருந்தது. அந்தக் கடைசி வரியை அவள் முகத்துக்கு நேரே படிக்க முடியவில்லை.)

மார்ச் 26, செவ்வாய்

தை.நா. வரவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லி அனுப்பினேன்.

சோறு குழைந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வசுவின் சீப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், சொல்லவில்லை.

பகல் முழுக்க நாங்கள் இருவரும் ஒரே கூடத்தில். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த வேற்றூர்க்காரர்கள்போல.

"நீ ஆபீஸ் போலியா?"

"இல்ல."

"எப்பப் போவ?"

மார்ச் 27, புதன்

இன்றும் இல்லை. வசுவை ஆபீஸுக்குக் கூட்டிப்போய்க் குத்தகைப் பதிவுக் கட்டுகள்மேல் உட்காரவைத்தேன்.

ஒரு குத்தகைதாரர் விசாரணை. மிராசுதார் தரப்பில் ஒரு தாள் காட்டினார்கள்: சாகுபடியைத் தானாகவே விட்டுவிட்டதாக, இவர் கைரேகையுடன்.

"விதை நெல்லு வாங்குனதுக்கு அத்தாட்சின்னாங்கய்யா. வச்சேன்."

இந்த வாக்கியத்தை மூன்று வருடமாகக் கேட்கிறேன். "மனுதாரர் ரேகையை ஒப்புக்கொள்கிறார்" என்று எழுதுவேன். இன்றும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வசு சத்தமாகச் சொன்னாள்: "தையலும் வச்சுது."

பக்கத்து மேசை சம்பந்தம், "பாப்பா என்ன சார் சொல்லுது?" என்றார்.

"ஒண்ணுமில்ல."



மார்ச் 28, வியாழன்

காலையில் வாய்க்காலைத் தாண்டி அவள் தெருவுக்கு. வசு என் இடுப்பில், வழியெல்லாம் நழுவினாள். குழந்தையை எப்படித் தூக்குவது என்பதற்கு விதி எதுவும் படித்ததில்லை.

தையல்நாயகியின் தம்பி கோவிந்தன் வாசலில். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறவர். கயிற்றுக் கட்டிலை இழுத்துப்போட்டார்.

"உக்காருங்க சார். ரேகை வாங்கிட்டுக் காலி பண்ணச் சொல்றவங்க ஆள் அனுப்புவாங்க. நீங்களே வந்துட்டீங்க."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். வசு என்னை விட்டு இறங்கி ஓடியது நடந்து முடிந்தபின்தான் எனக்குத் தெரிந்தது.

"எங்கப்பா இப்படித்தாங்கய்யா ஒரு தாள்ல வச்சாரு. மக்காநாளு வயல்ல கால் வைக்க விடல. நீங்க வாசல்ல நிக்கவச்சு, போன்னு சொல்றதுக்கு முன்னாடி, நானே வராம இருந்துடலாம்னு."

நகலைக் கூரையில் செருகியிருந்தாள். அந்தத் தெருவில் படிக்கத் தெரிந்தவர் சங்க வேலையாக நாகப்பட்டினம் போயிருக்கிறாராம். நானே படித்தேன். சர்க்கரை டப்பா வந்ததும், "அது பாப்பாவுக்குங்க" என்றாள். கோவிந்தன் சிரித்துவிட்டார்.

பிறகு கடைசி வரி. படித்தேன்.



"இதுல எங்கக்கா பண்ண தப்பு எது சார்?" என்றார் கோவிந்தன்.

குறைக்கு விளக்கம் தரலாம், அதற்கும் விதி இருக்கிறது என்றேன்.

"வெளக்கம் என்னங்கய்யா. அஞ்சரை பஸ்ஸு சத்தம் கேட்டா புள்ள முதல்ல வாசலுக்குத்தான் ஓடும். நீங்க பைய வச்சிட்டு பேப்பர எடுத்துக்குவீங்க. செத்த நேரம் பாத்துட்டு எங்கிட்ட வந்துரும். வேற எங்க போவும்?"

என்னிடமிருந்த, ரேகை வைத்த அசலையும் எடுத்துக் கொடுத்தேன். ரேகை இருந்த மூலையை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டாள். மீதியை மடித்து நீட்டினாள்.

"இது உங்களோடதுங்க."

"நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். "வருவியா" என்றுதான் கேட்க நினைத்திருந்தேன்.

"புள்ளைக்கு எண்ணெ தேச்சு நாலு நாளாச்சே" என்றாள்.

மார்ச் 29, வெள்ளி

தை.நா. ஆறரைக்கே வந்துவிட்டாள். சீப்பு அரிசிப் பானைக்குள் இருந்தது.

பதினொரு குறிப்புகளையும் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாவது என் சட்டைப்பையில், ஒரு மூலை இல்லாமல்.

அஞ்சரை பஸ். வாசலில் வசு நின்றாள். இத்தனை நாளும் நின்றிருப்பாள். பையை வைத்தேன். பேப்பர் மேசைமேல் இருந்தது. எடுக்கவில்லை. அவளும் கிட்டே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னிக்கு ஆபீஸ் போனியா?"

"போனேன்."

"அங்க என்ன பண்ணே?"

சொல்வதற்காகத் தரையில் உட்கார்ந்தேன். அடுப்படியில் தை.நா.வின் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.