வலப் பக்கம் இல்லாத டாங்கி

என் அன்பு அண்ணைக்கு,

உலக யுத்தம் முடிந்துவிட்டது. அரிசி இன்னும் கூப்பனுக்குத்தான். நெருப்புக் காய்ச்சலில் நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. போன கிழமை உங்கள் முதலாண்டு ஆட்டைத் திவசம் நடந்தது. உங்கள் டாங்கிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முள்முருக்கங் கட்டையில் நீங்கள் செதுக்கிய யுத்த டாங்கி, இடப் பக்கம் முழுதாகவும் வலப் பக்கம் வெறும் பலகையாகவும் உங்கள் மேசையிலேயே கிடந்தது. உங்களிடம் இருந்த ஒரே பத்திரிகைப் படத்தில் இடப் பக்கம்தான் தெரிந்தது. அதைப் பார்த்து ஆணித் தலைகளைக்கூட விடாமல் வைத்தீர்கள்.

"மற்றப் பக்கமும் உப்பிடித்தானே இருக்கும், செய்து முடியுங்கோவன்" என்றேன்.

"காணாததை நான் செய்யமாட்டன்" என்றீர்கள். உங்களுக்குக் கந்தோரில் கட்டடங்களுக்குப் படம் கீறுகிற உத்தியோகம். அந்தப் பிடிவாதம் வீட்டுக்கு வந்தால் மட்டும் எங்கே போகும்?

திவசத்துக்கு ஒரு மாதம் முன்பே, உங்களுக்குப் பிடித்த சாமான்களோடு அதையும் படையலில் வைப்போமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு முதலே அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

"குறையாய்க் கிடக்கிறதைப் பிள்ளைக்குப் படைக்க ஏலாது. முடிச்சால் வை. இல்லாட்டி அடுப்புக்கை போகும்" என்றார்.

அம்மா சொன்னால் செய்கிறவர். ஆகவே வலப் பக்கத்தைத் தேடி நான் புறப்பட்டேன். மனத்துக்குத் தோன்றியதைச் செதுக்கி ஒட்டியிருக்கலாம், அம்மா கண்டுபிடித்திருக்க மாட்டார். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று ஏனோ பட்டது.

வாசிகசாலையில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். படமுள்ள இடங்களையெல்லாம் ஆரோ முன்பே வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதில் உங்கள் கையும் இருந்ததா? சந்திச் சலூன் சுவரில் யுத்தப் படங்கள் ஒட்டியிருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, ஒரு பெண் அங்கே உள்ளே போக முடியாதபடியால், குடையும் கையுமாக வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். டாங்கி இருந்தது. அதன்மேல் ஒரு சவர்க்கார விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். குழல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. எங்கள் ஊர்த் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் யுத்தச் செய்திப் படம் காட்டினார்கள் என்று அங்கேயும் போனேன். ஒரு டாங்கி வந்தது, திரும்பத் தொடங்கியது, பிறகு திரை முழுக்கத் தூசி.

கடைசியில் எகிப்திலே பட்டாளத்து லொறி ஓட்டிவிட்டு வந்திருந்த அளவெட்டி ஊர்க்காரர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் டாங்கியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடப் பக்கத்தில், படத்தில் மை பரவிய கறுப்பு உருண்டையும் அதிலிருந்து நீட்டிய மூக்குமாகத் தெரிந்ததை, சின்னப் பீரங்கி என்று நீங்கள் செதுக்கி வைத்தீர்களே, அதில் விரலை வைத்தார்.

"தங்கச்சி, உது பீரங்கியில்லை. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில். பெடியள் தேத்தண்ணி வைச்சுக் குடிச்சுப்போட்டுக் கொழுவி விட்டிருப்பாங்கள்."

சிரிப்பு வந்தது. நீங்கள் கவராயத்தால் அளந்து, சுடுகிற தூரம்வரை எனக்கு விளக்கம் சொன்ன பீரங்கி.

"வலப் பக்கம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் டாங்கியை மேசையில் வைத்தார். "டாங்கியள் ஓடேக்கை தூரத்திலை கண்டிருக்கிறன், நினைவில்லை. கிட்ட நிண்டு பாத்தது ஒண்டுதான். அதுக்கு வலப் பக்கம் இல்லை. எரிஞ்சு போச்சு."

குசினி வாசலில் நின்ற அம்மா, "அதுக்கை இருந்த பிள்ளையள்?" என்று கேட்டார். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு போய்வாறன் என்று எழும்பிவிட்டார்.

திவசத்தன்று விடிய மேசையில் டாங்கியைக் காணவில்லை. அடுப்பைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். சாம்பலில் ஒன்றும் இல்லை. உள்ளே வந்தபோது படையலில், தோசைக்கும் மாம்பழத்துக்கும் நடுவில் அது நின்றது. வெறும் பலகைப் பக்கம் எங்களைப் பார்த்திருந்தது. பக்கத்தில் ஒரு மூக்குப்பேணி நிறையத் தேத்தண்ணி.

"முடியேல்லையே, அம்மா" என்றேன்.

"உது முடிஞ்சுதான் கிடக்கு. தேத்தண்ணி அந்தப் பிள்ளையளுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா கர்ப்பூரத்தைக் கொளுத்தினார்.

உங்கள் செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை என்று சனம் கதைத்தது உங்களுக்குத் தெரியாது. அன்றைக்கு வந்தது.

கேத்திலை நான் திருத்தவில்லை. நீங்கள் கண்டதைத்தான் செய்தீர்கள், அது அப்படியே இருக்கட்டும். மற்றப் பக்கத்தில் இனி ஒருவரும் கத்தி வைக்க விடமாட்டேன். தூசி மட்டும் துடைப்பேன், இரண்டு பக்கமும்.

உங்களோடு கூடப் பிறந்த
தங்கச்சி