நேர்வாளத்தின் முளை

மார்ச் 4
சித்த மருத்துவ முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொரு நாள். மூன்றாவது முறை. அப்பா போனில் வாழ்த்தினார்: "இதான் கடைசி. இல்லன்னா மாமாவோட டைல்ஸ் கடை. உனக்குன்னு நாற்காலியே வாங்கிப் போட்டுட்டாரு." தேர்வு எழுதும் முன்பே இடம் உறுதியானவன் நான் ஒருவன்தான்.

மார்ச் 9
இதே தேர்வுக்குப் படிக்கும் அறைத்தோழன் வினாவிடைக் கையேடு முழுக்க மஞ்சள் அடித்து முடித்துவிட்டான். "எல்லாமே முக்கியம்டா." இனி அவன் பெயர் ஹைலைட்டர். புத்தகத்துக்கு வந்திருப்பது காமாலை.

மார்ச் 17
வேலை பார்க்கும் சிகிச்சை நிலையத்தில் இன்று மருந்தறை மேற்பார்வை. நேர்வாளத்தை நச்சு நீக்கிச் சுத்தி செய்துகொண்டிருந்தார்கள். பேதிக்குக் கொடுக்கும் விதை. சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் ஆளையே கழுவி விட்டுவிடும். மருந்து தயாரிக்கும் அக்கா ஒவ்வொரு பருப்பையும் பிளந்து, நடுவிலிருக்கும் முளையை ஊசியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை ஏது?

"தோலை உரிச்சா போதும்க்கா. கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

"போதும் டாக்டர். குடிக்கிறவன் கழிப்பறையிலயே பாய் போட்டுப் படுத்துக்குவான். யாரு குடுத்த மருந்துன்னு கேட்டா உங்க பேரச் சொல்லிடறேன்."

பாடநூலைப் புரட்டினேன். தோல், முளை — இரண்டையும் நீக்க வேண்டும். கையேடு, பக்கம் 212: தோல் மட்டும். ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கியவன் எதை நம்பியிருக்கிறான் பார். சபாஷ்.

ஏப்ரல் 14
தேர்வு முடிந்தது. அதே கேள்வி: நேர்வாளச் சுத்தியில் நீக்க வேண்டியது எது? கேள்வி எடுத்த மகானும் அதே கையேட்டைத்தான் வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டு 'தோல் மட்டும்' என்று குறித்தேன். மருத்துவ அறிவு வளர்கிறது.

ஏப்ரல் 22
தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. தோல் மட்டும்! நான் மேதை. ஹைலைட்டர் கணக்குப் பார்த்தான். போன வருட நிலவரப்படி கடைசி இடத்தில் நகத்தால் தொங்குகிறேன். ஆட்சேபம் தெரிவிக்க மூன்று நாள்.

ஏப்ரல் 23
யாராவது ஆட்சேபிப்பார்கள். எனக்கென்ன?

ஏப்ரல் 24
யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. எல்லாரும் 212-ஆம் பக்கத்துப் பிள்ளைகள். கையேட்டுக்காரன் அடுத்த பதிப்பில் 'தேர்விலும் வந்த விடை' என்று நட்சத்திரம் போட்டு அச்சடிப்பான். அதை மனப்பாடம் பண்ணுறவன் எங்கயோ ஒரு மருந்தறையில நின்னு, தோலை உரிச்சா போதும்பான். அங்க ஊசியோட ஒரு அக்கா இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்? சே. நான் ஏன் அந்தப் பாடநூலைத் திறந்து தொலைச்சேன்?

ஹைலைட்டர் தலையில் அடித்துக்கொண்டான். "லூசாடா நீ? வந்த மார்க்க யாராவது கிள்ளி எறிவானா?"

பாடநூல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். நல்லவன் என்பதால் அல்ல. தப்பான விடை கண்ணில் பட்டால் எனக்கு அரிக்கும். அவ்வளவுதான்.

மே 19
இறுதி விடைக்குறிப்பு: தோலும் முளையும். ஆட்சேபம் ஏற்கப்பட்டதாம், நன்றியாம். இருந்த மதிப்பெண் போய், தவறான விடைக்கு ஒன்று கழித்தும் கொண்டார்கள். காத்திருப்போர் பட்டியலில் ஆறாவது ஆள். ஹைலைட்டருக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வியை அவன் தொடவே இல்லையாம். என் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டி கட்டுகிறான்.

மாமா போன் செய்தார்: "நாற்காலிக்கு உறை போடவா மாப்ள?"

மே 20
—

ஆகஸ்ட் 11
கடையில் மூன்றாம் மாதம். குளியலறைத் தரைக்கு வழுக்காத டைல்ஸ் எது என்று என்னைக் கேட்டால் பாடநூல் ஆதாரத்தோடு சொல்வேன்.

கையேட்டின் புதிய பதிப்பைப் புத்தகக் கடையில் நின்றபடியே புரட்டினேன். பக்கம் 212 திருத்தப்பட்டிருக்கிறது. நட்சத்திரமும் உண்டு. வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்தறைக்குப் போகிறேன். "வாங்க டைல்ஸ் டாக்டர்" என்று அக்கா ஊசியை நீட்டினார். ஒரு தட்டு நிறைய நேர்வாளம். முடிக்க மத்தியானம் ஆயிற்று. அக்கா பத்துப் பருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் முளை இல்லை.