அம்மா எழுந்து நின்ற ஞாயிறு

அம்மா,

மெழுகுவர்த்திச் சுடர் பட்டுப் பூசணிச் சதை கருகும் வாசனை, நேற்று மாலை எங்கள் சிட்லபாக்கம் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறி வந்தது. கீழே பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு, குடைந்த பூசணிக்குள் விளக்கேற்றி ஹாலோவீன் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவிலோ காலையிலிருந்தே, 'இது சாத்தானின் பண்டிகை, பிள்ளைகளை அனுப்பாதீர்கள்' என்று செய்தி மேல் செய்தி. நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனையை அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் முகர்ந்திருக்கிறேன். அன்று உன் உதடு கிழிந்திருந்தது.

அறுபதுகளின் கடைசி அது. தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டி நம் வாடகை வீடு. அப்பா பீச் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா, சபையில் செயலாளர். அடுத்த வீட்டு டோரத்தி ஆன்ட்டி ஆங்கிலோ இந்தியர், ரயில் டிரைவரின் மனைவி. குடிவந்த வருடமே அக்டோபர் கடைசி நாள் ஹாலோவீனுக்குத் தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டிருந்தார். அதற்கு முந்தின ஞாயிறுதான் போதகர், "பேய்த் திருவிழாவுக்குப் போகிற பிள்ளையின் வீட்டுக்குள் பிசாசு வரும்" என்று பிரசங்கித்திருந்தார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அப்பா.

தம்பிக்கு எட்டு வயது. போயே ஆகணும் என்று அழுது புரண்டான். நீ ஒரு பழைய போர்வையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி அவன் தலையில் போட்டாய். "போயி விளையாடிட்டு வாங்க. அப்பா வர்றதுக்குள்ள வந்துடணும்" என்றாய்.

அப்பா அன்று சீக்கிரம் வந்துவிட்டார். ஆன்ட்டியின் முற்றத்தில், தொட்டித் தண்ணீரில் மிதந்த கொய்யாப்பழத்தை வாயால் கவ்வப் பிள்ளைகள் முண்டிக்கொண்டிருந்தோம். வேலியைத் தாண்டி வந்தவர் முதலில், உள்ளே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்த பூசணியை உதைத்தார். அது சிதறி, கொதிக்கும் மெழுகு ஆன்ட்டியின் காலில் தெறித்தது. "என்ன மேன் இது! குழந்தைங்க விளையாடுது மேன்!" என்று அலறியவரைப் பிடித்துத் தள்ளினார். ஆன்ட்டி தொட்டியின் மேல் விழுந்தார். போர்வையோடு சேர்த்துத் தம்பியைத் தரதரவென்று இழுத்துப்போய், வீட்டுக்குள் தள்ளி, இடுப்பு பெல்ட்டை உருவினார்.

"செயலாளர் வீட்டுப் பிள்ளை பிசாசு வேஷமாடா போடும்?"

கேள்விக்கு ஓர் அடி, மூச்சுக்கு ஓர் அடி. பக்கிள் முனை தம்பியின் இடது காதில் இறங்கியது. போர்வை சிவந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், கால் நகரவில்லை.

நீ குறுக்கே விழுந்தாய். "நான்தாங்க அனுப்பினேன். என்னை அடிங்க." அடித்தார். அதில்தான் உன் உதடு கிழிந்தது. உன்னை ஒதுக்கிவிட்டு அவர் மறுபடியும் தம்பி பக்கம் திரும்பியபோது, நீ அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

"இன்னொரு அடி அவன்மேல விழுந்துச்சு, இதை உங்கமேல போட்டுடுவேன். சத்தியமா போடுவேன்."

அவர் நம்பவில்லை. கையை ஓங்கினார். நீ போட்டுவிட்டாய். அவர் தோளில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, பெல்ட்டை விட்டுவிட்டு, தம்பியைப் போலவே அழுதார்.

ஞாயிறன்று சபையில், அப்பா கையில் கழுத்திலிருந்து தொங்கும் தொட்டில் கட்டு. உன் உதட்டில் தையல். தம்பியின் தலையைச் சுற்றித் துணி. மழையில் வழுக்கி விழுந்தோம் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். போதகர் பிரசங்க மேடையிலிருந்து நம்மைக் கைகாட்டி, "எச்சரித்தேன் அல்லவா? பிசாசு செயலாளர் வீட்டையே அடித்துவிட்டது, பாருங்கள்" என்றார். எல்லாரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்து நின்றாய்.

"பிசாசு வந்தது நெசந்தான் ஐயா. பூசணிக்காய்ல வரல. இவரு பெல்ட்டுல வந்துச்சு, அப்புறம் என் கையிலயும் வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் முழங்கால் போட்டு மன்னிப்பு கேக்குறோம். ஆனா எம்பிள்ளையை அப்படிப் பாக்காதீங்க."

"உட்காரும்மா!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ அதட்டினார்கள். நீ உட்காரவில்லை. தையல் பிரிந்து முகவாயில் இரத்தம் இறங்க, போதகர் கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாய்.

அப்பாவின் செயலாளர் பதவி போயிற்று. வெகுநாள் உன்னோடு அவர் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள்மேல் கை வைக்கவும் இல்லை. டோரத்தி ஆன்ட்டி குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்வரை அப்பா அந்த வாசலை மிதிக்கவில்லை. நீ பூசணி சிதறிய மறுநாளே போனாய், ஆன்ட்டியின் காலுக்கு மருந்து போட.

தம்பியின் இடது காது அதன் பிறகு கேட்கவே இல்லை. நீ சாகும்வரை அவனுக்கு வலப்பக்கமாகவே நடந்தாய், பேசினாய், ஊட்டினாய். இப்போது அவனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஞாயிறுகளில் சபைக்குச் சேர்ந்து போகிறோம். சாலையைக் கடக்கும்போது என் கால்கள் தாமாகவே அவன் வலப்பக்கம் வந்துவிடுகின்றன, அம்மா.