பாலாற்றோடு போன சைக்கிள்

என் உயிரான எஸ்தரின் அப்பாவுக்கு,

ஆம்பூரில் நேற்றிலிருந்து விடாத மழை. நம் மகள் என் பழைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, நீயும் அப்பாவும் போன மாதிரி நாம ரெண்டு பேரும் மெட்ராஸ் போலாமா?" என்றாள். "இந்த மழையிலயா? பைத்தியமா உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது. நீங்கள் கர்த்தரிடம் போனதிலிருந்து எனக்கு எதைக் கண்டாலும் பயம்.

அன்று நமக்கும் எல்லோரும் இதையேதானே சொன்னார்கள்? கல்யாணமான புதிது. கடலையே பார்த்ததில்லை என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். "அதுக்கின்னா டீச்சரம்மா, சைக்கிள் இருக்குது, கால் இருக்குது, போலாம் வா" என்றீர்கள். ரயிலில் போனால் ஆகாதா என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போய்வர மிஷன் வெள்ளைக்காரத் துரைசானி கொடுத்த சைக்கிள் எனக்கு. தோல் பதனிடும் டேனரிக்கு நீங்கள் ஓட்டிப்போகும் ஓட்டை சைக்கிள் வண்டி உங்களுக்கு.

பள்ளிகொண்டா வருவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. வேலூரில் ஒதுங்கி நின்றபோது கடைக்கார பாய், "பொம்பளப் புள்ளய இப்படி நனைய வெச்சிக்கினு! ஏம்ப்பா இந்த பேஜாரு?" என்று உங்களைத்தான் திட்டினார். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கோ பல் கிட்டிக்கொண்டிருந்தது.

ஆற்காட்டுக்கு வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலாற்று மணலில் இறங்கினோம். அக்கரையில் ராணிப்பேட்டை, குறுக்கே நடந்தால் கிட்ட. எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடுகிற மணல்தானே? பாலாற்றங்கரையில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் ஓர் ஆற்றை அவ்வளவு துச்சமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

நடுவில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் திடீரென்று செக்கச்செவேல் என்றானது. நீங்கள் குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தீர்கள். உங்கள் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

"இது பட்டைத் தண்ணி. நம்மூர் டேனரிங்கள்ல தோலோட ஊறின ஆவாரம்பட்டை."

"அதெப்படிங்க இவ்ளோ தூரம் வரும்?"

"கரைமேலதான கொட்டி வெச்சிருக்காங்க? அந்தப் பட்டையவே அடிச்சிக்கினு வருதுன்னா அங்க ஆறு கரை ஏறிட்டுது. ஓடு!"

ஓடினேன். என் சைக்கிளின் சக்கரம் மணலில் புதைந்து நின்றுவிட்டது. நான் அதை விடவில்லை. நீங்கள் உங்கள் வண்டியை அப்படியே போட்டுவிட்டு என்னுடையதைத் தோளில் தூக்கிக்கொண்டீர்கள். "உங்க வண்டிங்க!" என்று கத்தினேன். "அது கிடக்கட்டும், நீ ஓடு!"

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது நாம் வந்த வழியே இல்லை. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரே தண்ணீர். ஒரு பனைமரம் நின்றபடியே நகர்ந்து போனது. அந்த இரைச்சலில் நீங்கள் பேசியது கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பிழைத்தோம் என்ற நினைப்புக்கூட வரவில்லை. வாழ்நாளெல்லாம் மிதித்து நடந்த மணலுக்குள் இவ்வளவு பெரிய ஒன்று இருந்ததா என்று கை தானாகக் குவிந்தது. பக்கத்தில் பார்த்தால், நீங்களும் கூப்பியிருந்தீர்கள்.

"ஏங்க உங்கள்த விட்டுட்டு என்னுத தூக்கினீங்க?" என்று அப்புறம் கேட்டேன். "உன்து போச்சின்னா நீ எதுல கடலுக்கு வருவ?" என்றீர்கள். நீங்கள் எதில் வருவீர்கள் என்று யோசித்தீர்களா? இல்லை. அதுதான் நீங்கள்.

மீதி வழியெல்லாம் ஒரே சைக்கிள், நீங்கள் மிதிக்க நான் பின்னால். காஞ்சிபுரத்தில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. மெட்ராஸில் கடல் அலையில் நான் கால் நனைத்தபோது, நீங்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு எதையோ தேடினீர்கள். "இன்னா பாக்கறீங்க?" "பாலாறு கடல்லதான சேருது? என் வண்டி நமக்கு முன்னாடி வந்துட்டுதான்னு பாக்கறேன்." மூச்சு முட்டச் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே உங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?

எஸ்தரைச் சமாதானப்படுத்திவிட்டேன். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் நாங்கள் கிளம்புகிறோம், மழையானாலும் சரி. அவள் மிதிப்பாள், நான் பின்னால். பாலாற்றுக்கு வந்ததும் ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்ப்பேன், அவளையும் முகரச் சொல்வேன். இது சத்தியம். கடலுக்குப் போனதும், உங்கள் வண்டி வந்துவிட்டதா என்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்ப்பேன்.

உங்கள் டீச்சரம்மா,
எஸ்தரின் அம்மா