சவரக் காயம்

அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? அங்கே மழை விட்டதா? நான் நலம்தான். மூக்கில் நாலு தையல் போட்டிருக்கிறது, பயந்துவிடாதே.

மூக்கோரம் முத்துப்போல் பளபளவென்று ஒரு பரு. சவரம் செய்தால் ரத்தம் வரும், காயும், மறுபடி வரும். நானும் பிளேடைத் திட்டிவிட்டு, அப்பா மாதிரியே ரத்தம் நிற்கக் காகிதத் துணுக்கை ஒட்டிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குப் போய்வந்தேன். முதலாளி கெல்வின்தான் விடவில்லை. "அயர்லாந்துக்காரனுங்க நீங்க, வெயிலைக் கண்டா சட்டையைக் கழட்டிடுவீங்க! குயின்ஸ்லாந்து வெயில் சும்மா விடுமா? வண்டியில ஏறுய்யா!"

தோல் புற்றுநோயாம். மெதுவான வகை. "உடம்புக்குள்ள பரவுறது ரொம்ப அபூர்வம். ஆனா கண்டுக்காம விட்டா மூக்கையே அரிச்சிடும்" என்றார் டாக்டரம்மா. வெட்டி எடுத்தாகிவிட்டது.

நம் ஊர்த் தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பு. இங்கே குடிப்பதெல்லாம் வெந்நீர். போன கடிதத்தில் கேட்ட பிளேடு வேண்டாம்.

உட்கார்ந்து எழுத முடியவில்லை. எழுந்து எழுந்து நடக்கிறேன். டாக்டரம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன்: "மேகம் மூடின ஊர்ல, காலமெல்லாம் மீன்பிடிப் படகுல இருக்கிறவங்களுக்கும் இது வருமா?"

"ஏன் வராது? மேகம் வெயிலை முழுசாத் தடுக்காது. தண்ணியில பட்டுத் திரும்புறதும் சேருமே."

டவுனுக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. தேயிலை மெல்ல வரட்டும், இதற்கு உடனே பதில் போடு: அப்பா காதோரம் இன்னும் காகிதம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறாரா?

உன் ஃபின்டன்