ஒரே புயலின் பனி

அன்புள்ள நிவியாக்,

அம்மாவுக்கு இருமல் விட்டதா? நாய்கள் ஒழுங்காகத் தின்கின்றனவா? எனக்கு ஒரு குறையும் இல்லை, கவலைப்படாதே.

நிலம் அளக்க வந்தவர்கள் என்னையும் மார்குசியையும் கூடாரத்துக்குக் காவல் வைத்துவிட்டுப் போன மறுநாளே புயல் பிடித்துக்கொண்டது. பனிப்பாளம் வெட்டிக் கூடாரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினேன். அவசரத்தில், பனி ஒரே அடுக்கா என்று கோலால் குத்திப் பார்க்கவில்லை. அது இரண்டு புயல் கொட்டிய பனி. அடுக்கு விட்டுப்போய், சுவர் மார்குசியின் கால்மேலேயே சரிந்தது.

"பொறந்ததுலேருந்து பனியிலதானே கிடக்கிறே? ஒரே புயல்ல விழுந்த பனிதான் நிக்கும்னு தெரியாதாடா? நிவியாக் கேட்டா கைகொட்டிச் சிரிப்பா!" என்றான். கால் முறிந்தும் வாய் ஓயவில்லை அவனுக்கு.

சரிந்த சுவரை மறுபடி எழுப்பினேன். ஐந்து நாளும் காற்று அதை அரித்தது, நான் அடைத்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் அவன் தலைமாட்டில் பெரிய ஓட்டை. எதை வைத்தாலும் பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் என் இடது கையுறையைக் கழற்றித் திணித்தேன். நின்றுவிட்டது, பாரேன்!

இன்று காற்று ஓய்ந்து விமானம் வந்திருக்கிறது. படுத்திருப்பவனை ஏற்றினால் இன்னொருவருக்கு இடமில்லை. என் சுவர் முறித்த கால், அவனைத்தான் ஏற்றினேன். வடக்கே மறுபடியும் கறுக்கிறது. சுற்றிலும் குத்திப் பார்த்துவிட்டேன், நல்ல பனி எங்குமே இல்லை, நிவி.

விமானி கத்துகிறார். அடுத்த விமானத்தில் தேயிலை கொஞ்சம் அனுப்பு. இடது கைக்கு ஒரு கையுறை தைத்து அனுப்பு. பெருவிரலுக்கு இடம் வைக்க வேண்டாம்.

உன் அடாமி